தஞ்சாவூர் போன வழியும் மதுரா போன வழியும்

1990 பிப்ரவரி 20 அன்று தமிழ்நாட்டில் இரண்டு வங்கிகளின் பெயர்ப்பலகை இறங்கியது. திருநெல்வேலிக்காரர்களின் பேங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள் போனது. 1901இல் தஞ்சாவூரில் தொடங்கிய பேங்க் ஆஃப் தஞ்சாவூர், தன் 157 கிளைகளோடு இந்தியன் வங்கிக்குள் போனது. பதினோரு ஆண்டு கழித்து, 2001 மார்ச்சில், மதுரையின் பேங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐ வங்கியின் கிளைகளாக மாறியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேலை பார்த்தவர்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு.

நம் ஊர் முத்துப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் வங்கி ஊழியரைப் பற்றி ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அரசு வங்கிக்காரர் ஓபி அடிக்கிறார், ஏனென்றால் அவருக்கு வேலை போகாது. தனியார் வங்கிக்காரர் சிரித்துப் பேசுகிறார், ஏனென்றால் அவருக்கு வேலை போய்விடும். பேருந்து நிலையத்து டீக்கடையிலும் இதுதான் பேச்சு, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் வீட்டுத் திண்ணையிலும் இதுதான் பேச்சு. பொருளாதாரப் பேராசிரியர்கள் கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. வேலை நிலைத்திருந்தால் வேலை செய்ய மாட்டான் என்ற இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இந்த இரண்டு வங்கிகளைவிடப் பொருத்தமான இணை தமிழ்நாட்டில் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டும் உள்ளூர்ப் பணத்தில் எழுந்த தனியார் வங்கிகள். தஞ்சாவூர் வங்கி காவிரிப் படுகையின் நெல் பணத்தில் வளர்ந்தது. மதுரா வங்கியை 1943இல் தொடங்கியவர் மீனாட்சி மில் உரிமையாளர் கருமுத்து தியாகராசன் செட்டியார். இரண்டிலும் எழுத்தராகச் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்: பி.ஏ. அல்லது பி.காம்., தட்டச்சில் ஹையர், சைக்கிளில் கிளைக்குப் போகிறவர்கள். இரண்டு இடத்திலும் சம்பளம் ஒரே ஏணியில்தான் ஏறியது. வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் 1966 முதல் போட்டுவந்த இருதரப்பு ஒப்பந்தங்களே இருவருக்கும் படியையும் ஊதிய உயர்வையும் வரையறுத்தன. ஆக மனிதர்கள் ஒன்று, சம்பளம் ஒன்று, செய்த வேலை ஒன்று. கைமாறிய விதம் மட்டும் வேறு. ஒருவரை அரசு வங்கி எடுத்துக்கொண்டது, இன்னொருவரைப் பங்குச்சந்தையின் செல்லப்பிள்ளை எடுத்துக்கொண்டது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். வேலைப் பாதுகாப்பு என்பது முதலாளியின் மனசில் இருப்பதல்ல, காகிதத்தில் இருப்பது.

நொடித்துப்போன வங்கியை இன்னொன்றோடு இணைப்பதற்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இருக்கிறது. முதலில், பணம் எடுக்க வரம்பு போடும் தடைக்காலம் அறிவிப்பார்கள். பிறகு ரிசர்வ் வங்கி திட்டம் வரையும், மத்திய அரசு ஒப்புதல் தரும். அந்தத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி இரண்டு வாக்குறுதிகள் உண்டு. தடைக்காலத்துக்கு முந்தைய நாள் என்ன சம்பளம், என்ன நிபந்தனையோ அதே நிலையில் பணி தொடர வேண்டும். மூன்று ஆண்டு முடிவதற்குள், எடுத்துக்கொண்ட வங்கியில் அதே தகுதியில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறதோ அதை இவருக்கும் தர வேண்டும். தஞ்சாவூர் வங்கியின் எழுத்தர் இந்தியன் வங்கியின் எழுத்தரானது இப்படித்தான். நொடிந்தது வங்கி, பிழைத்தது உத்தியோகம்.

இந்தக் கவசத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராதவர்களை, அதாவது அதிகாரிகளை, பெயர் குறிப்பிட்டு விலக்கிவிடத் திட்டத்துக்கு அதிகாரம் உண்டு. எண்பதுகளின் நடுவில் இந்துஸ்தான் கமர்ஷியல் வங்கி, பேங்க் ஆஃப் கொச்சின், லட்சுமி கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றை இணைத்தபோது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். மூன்றிலுமாக 125 பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். காரணம் சொல்லப்படவில்லை, விளக்கம் கேட்கப்படவில்லை. ஒரு காலையில் வங்கிக்குப் போனால் உன் பெயர் இல்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கே.ஐ. ஷெப்பர்டு வழக்கு என்று சங்கத்துக்காரர்கள் இன்றும் பேசுவது அதைத்தான். ஒருவரின் தரப்பைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பறிக்க முடியாது, வேலையைத் திருப்பிக் கொடு என்று 1987 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தஞ்சாவூர் வங்கி கைமாறியது அந்தத் தீர்ப்புக்குப் பிறகு. அங்கே இருந்த அதிகாரிகள் முகம் தெரியாத அந்த 125 பேருக்குக் கடன்பட்டவர்கள்.

மதுரா வங்கியின் கதைக்கு 45ஆம் பிரிவு தேவைப்படவில்லை. அது நொடிக்கவில்லை, லாபத்தில்தான் ஓடியது. ஆனால் கணினியும் மூலதனமும் இல்லாமல் இனிச் சின்ன வங்கிகள் தாக்குப்பிடிக்க முடியாது என்ற பேச்சு வலுத்திருந்த நேரம் அது. 2000 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: மதுரா வங்கியின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்கு. இது 44ஏ பிரிவின்படியான விருப்ப இணைப்பு. பங்குதாரர்கள் கூடி, பங்கு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் போதும், ரிசர்வ் வங்கி முத்திரை குத்தும். கை தூக்குவோர் பட்டியலில் ஊழியர் இல்லை. தொழில் தகராறுச் சட்டம் அவருக்கு ஓர் ஆறுதல் வைத்திருந்தது. நிறுவனம் கைமாறும்போது பணி அறுபடாமல் தொடர வேண்டும், நிபந்தனை முன்பைவிட மோசமாகக்கூடாது, இல்லாவிட்டால் ஆட்குறைப்புக்கான ஈட்டுத்தொகை தர வேண்டும். அது கைமாறும் நாளைப் பற்றிய சட்டம். மறு ஆண்டைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

மதுரா வங்கியிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். போய்ச் சேர்ந்த இடத்தில் அப்போது இருந்ததே ஏறத்தாழ 1,400 பேர்தான். விருந்தாளி வீட்டுக்காரரைவிட அதிகம். வீட்டுக்காரர்கள் இளைஞர்கள், மேலாண்மைப் பட்டம் வாங்கியவர்கள், சம்பளம் சாதனையைப் பொறுத்தது. விருந்தாளிகளுக்கு நாற்பது தாண்டியிருந்தது, கூடவே சங்கமும் இருதரப்பு ஒப்பந்தமும் வந்தன. ஒரு ஊழியருக்கு எவ்வளவு லாபம் என்ற கணக்கு போட்டவர்கள் இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார்கள். அந்த அட்டவணை மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கும் மாணவருக்கு மதுரைக்காரர் சோம்பேறி என்றே தோன்றும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்நூறு ரூபாய் போட்டு எடுக்கும் நூறு பேரைக் கவனிக்கும் எழுத்தரையும், மும்பையில் ஒரு கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரியையும் ஒரே தராசில் நிறுத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல அட்டவணை வேண்டியதில்லை.

2003 ஜூலையில் ஐசிஐசிஐ வங்கி முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. நாற்பது வயதும் ஏழு ஆண்டுப் பணியும் முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், மதுரா வங்கியில் செய்த பணியும் அந்தக் கணக்கில் சேரும். தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 2,350 பேர். அவர்களில் 1,500 பேர் அளவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இது அந்த வங்கி முழுவதற்குமான கணக்கு, மதுரைக்காரர் மட்டுமல்லர். ஆனாலும் நாற்பது தாண்டியவர்கள் அந்த இளம் வங்கியில் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. யாரையும் வெளியே தள்ளவில்லை. கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் பணப்பையும் வைத்தார்கள்.

இந்த இடத்தில் அரசு வங்கி ஆதரவாளர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். 2000-01இல் அரசு வங்கிகள் எல்லாம் சேர்ந்து நடத்திய வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திருவிழாவில் வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பதினைந்து ஆண்டுப் பணி அல்லது நாற்பது வயது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அறுபது நாள் சம்பளம். இந்தியன் வங்கியிலும் ஆயிரக்கணக்கில் போனார்கள். தஞ்சாவூர் வங்கியிலிருந்து வந்து பத்தாண்டு கழித்தவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பம் கொடுத்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வராமல் மறுபடி வேண்டாம் என்று எழுதியவர்கள் ஏராளம். திருப்பி வாங்க முடியாது என்றது நிர்வாகம். ஏற்றுக்கொள்ளும் முன்பே திரும்பப் பெற ஊழியருக்கு உரிமை உண்டு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சோம்பேறிகள் சம்பளத்தோடு உட்கார ஆசைப்பட்டார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்பவர் உண்டு. அந்த வரிசையில் நின்றவர்களில் கெட்டிக்காரர்கள்தான் முதலில் போனார்கள் என்பதை அன்றைய கிளை மேலாளர்கள் நன்றாகவே அறிவார்கள். வெளியே பிழைக்கத் தெரிந்தவன்தானே துணிந்து போவான்?

இனி ஓபி விஷயத்துக்கு வருவோம். இணைப்புக்குப் பிறகு தஞ்சாவூர் வங்கிக்காரர் ஓபி அடித்தாரா?

அடித்திருப்பார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்பதில்தான் எனக்கும் டீக்கடைக்கும் தகராறு. படுகையில் ஒரு கிளை எழுத்தரின் உண்மையான சொத்து, பேரேட்டில் ஏறாத அறிவு. எந்தப் பண்ணைக்கு எத்தனை மா நிலம், அதில் எவ்வளவு பங்காளி வழக்கில் கிடக்கிறது, யார் குறுவை அறுத்ததும் வந்து கட்டுவார், யார் தைக்குப் பிறகுதான் தலைகாட்டுவார், யாருடைய கையெழுத்து சாயங்காலமானால் கோணும் என்பதெல்லாம் அவர் மண்டையில் இருந்தது. வங்கி சின்னதாக இருந்தவரை அந்த அறிவுக்கு மரியாதை இருந்தது. மேலாளர் அவரைக் கேட்டுத்தான் கடன் கொடுத்தார். பெரிய வங்கியின் படிவமும் சுற்றறிக்கையும் வந்ததும் அதைக் கேட்க ஆள் இல்லை. உத்தியோகம் பத்திரமாக இருக்கிறது, உத்தியோகத்துக்குள் இருந்த வேலை காணாமல் போய்விட்டது. அப்படிப்பட்டவர் என்ன செய்வார்? சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார். பத்தரைக்குப் பேனா எடுத்து, இரண்டுக்குப் பணப்பெட்டியை மூடி, விதிப்புத்தகத்தில் உள்ளபடி ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்துகொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓபி. என் பார்வையில் அது வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலைநிறுத்தம்.

சங்கத்தின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். கணினியைத் தொடுவதற்குத் தனிப்படி, இன்ன நாற்காலிக்காரர் இன்ன வேலையைத்தான் பார்ப்பார் என்ற வரம்பு, இவையெல்லாம் ஒரு காலத்தில் ஆளைக் காப்பாற்றப் போட்ட வேலிகள். 1993 ஒப்பந்தம் வரை கணினியை வாசலிலேயே நிறுத்திவைத்ததில் வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையும் இல்லை. டிராஃப்ட் எடுக்க அரைநாள் நின்றவர்கள் அந்தக் கோபத்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் வங்கியை மூழ்கடித்தது அந்த அரைநாள் அல்ல. தஞ்சாவூர் வங்கியைக் கைதூக்கிவிட்ட இந்தியன் வங்கியே 1995-96இல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. இந்திய வங்கி வரலாற்றில் அதுவரை யாரும் காணாத தொகை. எழுத்தர்கள் டீ குடிக்கப் போனதால் வந்த நட்டமா அது? மேலே உட்கார்ந்தவர்கள் பெரிய மனிதர்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன். அப்போதைய தலைவர் மீது சிபிஐ வழக்குகள் வந்தன. பிறகு அரசு மூலதனம் போட்டது, 2000இல் ரஞ்சனா குமார் தலைவராகப் பொறுப்பேற்று வங்கியை நிமிர்த்தினார், 2001-02இல் லாபம் திரும்பியது. நிமிர்த்திய ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர்கள் யார்? அதே வேலை போகாத ஊழியர்கள். ஓபி அடிப்பவர்கள் என்று பெயர் வாங்கிய அதே கூட்டம், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, செய்ததைக் கவனிக்க ஆள் வந்ததும் செய்தது. வேலைப் பாதுகாப்புதான் சோம்பலுக்கு வேர் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது.

மறுபக்கம் பார்ப்போம். மதுரா வங்கி போன வழியில் ஓபிக்கு இடமே இல்லை என்பார்கள். இலக்கு உண்டு, மாதக் கணக்கு உண்டு, மேலாளரின் கைப்பேசி அழைப்பு உண்டு. நபர் ஓபி அடிக்க முடியாது, உண்மை. நிறுவனமே அடித்தால்?

மதுரா வங்கி தொண்ணூறுகளின் நடுவிலேயே கிராமப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஐசிஐசிஐ அதைக் கைவிடவில்லை, பெருக்கியது. இரண்டு மூன்று ஆண்டில் குழுக்கள் பல ஆயிரமாயின. மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட புத்தகத்தில் ஏழைகளிடம் வணிகம் செய்வதற்கான முன்மாதிரியாக இதை வைத்தார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. யார் செய்தார்கள் என்று பாருங்கள். குழு அமைத்தவர்கள், கூட்டம் நடத்தியவர்கள், தவணை தவறினால் வீடுதேடிப் போனவர்கள் எல்லாம் ஏற்கெனவே குழுவில் இருந்த பெண்கள். அவர்கள் வங்கியின் ஊழியர்கள் அல்லர். அமைத்த குழுவைப் பொறுத்து அவர்களுக்குப் பணம். இதே வேலையைத்தான் பழைய மதுரா வங்கியின் கிராமக் கிளை ஊழியர் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவப் படியோடு செய்துகொண்டிருந்தார். அவர் நாற்பது வயதில் பணப்பையோடு வீட்டுக்குப் போனார். வேலை மட்டும் கிராமத்தில் தங்கிவிட்டது, வேறொரு பெண்ணின் தலையில்.

முத்துப்பேட்டைக் கடைத்தெருவுக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். இங்கே நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டதற்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. நூறு நாள் வேலையின் கூலி, முதியோர் பணம், 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், கஜா புயலில் தென்னை சாய்ந்தவர்களுக்கு வந்த நிவாரணம் எல்லாமே வங்கி வழிதான். மாதத்தில் ஒருநாள் ஆயிரம் ரூபாய் எடுக்க வரும் அம்மாவால் எந்த வங்கிக்கும் லாபம் கிடையாது. ஜன்தன் கணக்குகளில் மிகப் பெரும்பங்கு அரசு வங்கிகளிலும் கிராம வங்கிகளிலும் இருக்கிறது, தனியார் வங்கிகளின் பங்கு சொற்பம். குறைந்தபட்ச இருப்பு என்ற ஒற்றை வரியால் தனியார் வங்கி அந்த அம்மாவை வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது. உள்ளே குளிர்சாதனம் ஓடுகிறது, நாற்காலி காலியாக இருக்கிறது, இளைஞர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். ஊரே அவரைப் பாராட்டுகிறது. அந்தப் பக்கத்து அரசு வங்கியில் அறுபது பேர் நிற்கிறார்கள், இரண்டு கவுண்டர் ஓடுகிறது, “நாளைக்கு வாங்கம்மா” என்று எழுத்தர் கடுகடுக்கிறார். ஊரே அவரைத் திட்டுகிறது. வேலையைத் தட்டிக்கழித்தவர் யார் என்று கேட்டால், எனக்கு அந்தக் கடுகடுப்புக்காரரின் முகம் இரண்டாவதாகத்தான் தோன்றும்.

நகைக்கடன் கவுண்டரில் அரைமணி நேரம் நின்றால் இன்னொன்றும் தெரியும். நம் ஊர் அரசு வங்கிக் கிளைகளில் காலையில் முதலில் கூட்டம் சேர்வது அங்கேதான். ஒரு முற்பகல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா, கைப்பையில் மஞ்சள் துணி முடிச்சு.

“தம்பி, வட்டி கட்டித் திருப்பி வைக்கணும். வருசம் முடிஞ்சிருச்சாம், போன் வந்துச்சு.”

“பழைய சீட்டு கொண்டாந்தீங்களா ராத்தா? குடுங்க, பாத்துச் சொல்றேன்.”

பதில் சொன்னவர் எழுத்தர் அல்லர், அப்ரைசர். கழுத்துச் சங்கிலியை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார், அமிலத்தை ஒரு சொட்டு விட்டார், கோடு கரைகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். மின்தராசில் வைத்தார், கல் எடையையும் அரக்கு எடையையும் கழித்தார், கொக்கியில் லேசான விரிசல் என்று சீட்டில் ஓரமாக எழுதிக்கொண்டார். பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, சீல் வைத்து உள்ளே அனுப்பினார். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று கேஷியரிடம். நகை போலி என்று பின்னால் தெரிந்தால் முதலில் கழுத்தைப் பிடிப்பது இந்த அப்ரைசரைத்தான். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன், அவ்வளவுதான். கூட்டம் இல்லாத நாளில் அவர் கையும் காலி. அவருக்கு வேலைப் பாதுகாப்பு ஒரு துளியும் இல்லை, நாள் முழுக்க அவர் குனிந்த தலை நிமிரவும் இல்லை. பார்த்தாயா, பாதுகாப்பு இல்லாவிட்டால் எப்படி உழைக்கிறார் என்று டீக்கடை இங்கே வெற்றிக்குரல் எழுப்பலாம். அறுபதைத் தாண்டியும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அப்ரைசர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஓய்வு என்ற ஒன்றே இல்லை. அதை உழைப்பின் வெற்றி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கிளைக்கு வெளியே இன்னொருவர் இருக்கிறார். கைரேகைக் கருவியோடு மளிகைக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வங்கி முகவர். உரிமைத் தொகை எடுக்க வந்த பெண்களில் பாதிப்பேர் இப்போது அவரிடம்தான் போகிறார்கள். அவருக்கும் கமிஷன், அதுவும் இடையில் ஒரு கம்பெனி எடுத்ததுபோக மிச்சம். நெட்வொர்க் போனால் திட்டு அவருக்கு.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுபோலத் தோன்றுகிறது. தஞ்சாவூர் வழியில் சட்டம் ஆளைக் காத்தது, ஆனால் அவர் ஓய்வுபெற்றதும் அந்த நாற்காலிக்கு வேறொருவரை உட்காரவைக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டு அரசு வங்கிகள் எழுத்தர்களைப் பெரிதாக எடுக்கவே இல்லை. மதுரா வழியில் ஆளையே பணம் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். முடிவில் இரண்டு இடத்திலும் வேலை போய்ச் சேர்ந்தது கமிஷன்காரரிடம். வேகம்தான் வேறு. மதுரா வழியில் இரண்டரை ஆண்டு ஆனது, தஞ்சாவூர் வழியில் இருபது ஆண்டு.

அந்த இருபது ஆண்டை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஓர் எழுத்தர் அந்த இருபது ஆண்டில் மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வூதியத்தோடு இறங்கியிருப்பார். படுகையில் மழை பொய்த்தும் மேட்டூர் திறக்காமலும் போன ஆண்டுகளில் கடைத்தெருவில் ரொக்கம் புழங்கியதற்கு, வெளிநாட்டுப் பணத்துக்கு அடுத்து, இப்படிப்பட்ட மாதச் சம்பளக்காரர்களும் ஒரு காரணம். கால் காசானாலும் கவர்மெண்டு உத்தியோகம் என்று பெரியவர்கள் சொன்னதைச் சோம்பேறித்தனத்துக்கான ஆசை என்று படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று ஒவ்வோர் ஆனியிலும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கேலி விளங்காது.

இந்த ஒப்பீட்டுக்கு மூன்றாவதாக ஒரு சாட்சியும் கிடைத்திருக்கிறது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று தடைக்காலத்துக்குள் போனது. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கிக்குள் போய்விட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசா இல்லை, மொத்தப் பங்கு மூலதனமும் துடைத்தழிக்கப்பட்டது. ஊழியர்களுக்கு மட்டும் 45ஆம் பிரிவின் பழைய வரி வந்தது: நவம்பர் 17க்கு முன் இருந்த அதே சம்பளம், அதே நிபந்தனை. அதாவது எடுத்துக்கொண்டது தனியார் வெளிநாட்டுக் குழுமம், வந்த வழி மட்டும் தஞ்சாவூர் வழி. வங்கி நொடித்தால் ஊழியருக்குச் சட்டத்தின் துணை உண்டு, நன்றாக ஓடும்போதே விற்கப்பட்டால் இல்லை என்பது எவ்வளவு தலைகீழான நியாயம்! மதுரா வங்கிக்காரர் செய்த ஒரே பிழை, தன் வங்கியை லாபத்தில் வைத்திருந்தது.

இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் தஞ்சாவூர் வழி என்பேன். அங்கே ஓபி அடித்தவர்கள் இருந்தார்கள், அரைநாள் காக்கவைத்தார்கள், இருந்தும் முத்துப்பேட்டை அம்மாவை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கவில்லை. ஆனால் அந்த வழிக்கு இரண்டு திருத்தம் வேண்டும். 45ஆம் பிரிவு தரும் பணி உத்தரவாதத்தை 44ஏ இணைப்புக்கும் எழுத வேண்டும். இணைப்புத் திட்டத்தில் ஊழியர் என்று எழுதும் இடத்தில் அப்ரைசர், வங்கி முகவர், பத்தாண்டாகத் தற்காலிகமாகவே இருக்கும் கடைநிலை ஊழியர் ஆகியோரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கேட்க வேண்டியது வங்கிச் சங்கங்கள். இருதரப்பு ஒப்பந்தப் பேச்சில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இதையும் வைக்கட்டும். நாமும் அடுத்தமுறை “நாளைக்கு வாங்க” என்று கேட்க நேர்ந்தால், திட்டுவதற்கு முன் அந்தக் கிளையில் எத்தனை கவுண்டர் இருக்கிறது, எத்தனையில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பற்றி மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுப்போம்.